மருந்து ஆய்வில் சேருமுன்: ஒரு முடக்குவாத நோயாளியின் அனுபவம்

எனக்கு முடக்குவாதம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை எடுத்துக்கொண்டிருந்தும் விரல் மூட்டுகளின் வீக்கம் முழுசாக அடங்காமல் இருந்த ஒரு கட்டத்தில், "புது மருந்து ஒன்றுக்கு ஆய்வு நடக்கிறது, உங்களுக்குப் பொருந்தலாம், யோசித்துப் பாருங்கள்" என்றார் டாக்டர். யோசித்தேன், சேர்ந்தேன், கடைசி விசிட் வரை இருந்தேன். அதற்கப்புறம் இதே மாதிரி அழைப்பு வந்த சிலர் என்னிடம் விவரம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அது நல்ல மருந்தா?"

அது தெரிந்திருந்தால் ஆய்வே நடந்திருக்காது. இந்த இடத்தில் தெளிவாக இருந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வழக்கமான சிகிச்சையில் டாக்டர் உங்களைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். வீக்கம் கூடினால் அளவைக் கூட்டுவார், வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றிக் கொடுப்பார். ஆய்வில் அந்தச் சுதந்திரம் அவருக்குக் கிடையாது. என்ன அளவு, எந்த வாரம் என்ன சோதனை, எப்போது நிறுத்தலாம் என்பதெல்லாம் புரோட்டோகால் என்ற ஆவணத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டி, அதைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் முதல் ஆளையே சேர்க்க முடியும். நம்மைப் பாதுகாக்க நிறைய விதிகள் இருக்கின்றன. ஆனாலும் ஆய்வின் நோக்கம் இந்த மருந்து வேலை செய்கிறதா, கெடுதல் செய்கிறதா என்று கண்டுபிடிப்பது. நமக்குக் குணமானால் நல்லது. ஆகாவிட்டாலும் ஆய்வுக்கு அது ஒரு விடைதான். இதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் சேராமல் இருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

சம்மதப் படிவத்தில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைப் பெரும்பாலானோர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடம் தேடத்தான் திறக்கிறார்கள். என்னுடையது இருபது பக்கத்துக்கு மேல். அந்த நீளத்துக்குப் பின்னால் ஒரு மோசமான வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பாலியல் நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களை, சிகிச்சை தருவதாகச் சொல்லிக்கொண்டே, நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதைக் குணப்படுத்தும் பென்சிலின் நடுவில் வந்துவிட்டது, அதையும் கொடுக்கவில்லை. நாஜி முகாம்களில் நடந்த கொடுமைகளுக்குப் பிறகு 1947-ல் வந்த நியூரம்பர்க் விதிகளின் முதல் வரியே, சம்பந்தப்பட்டவரின் சுயவிருப்பமான சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது என்பதுதான். 1964-ல், மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்லும் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. படிவத்தின் ஒவ்வொரு சலிப்பூட்டும் பத்தியும் இப்படி யாரோ ஒருவருக்கு நடந்த அநியாயத்தால் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டால் படிக்கக் கொஞ்சம் பொறுமை வரும்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். யாரும் தடுக்கக்கூடாது, இன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவசரப்படுத்தினால் அதுவே எழுந்து வரப் போதுமான காரணம். நான் பென்சிலோடு உட்கார்ந்து, புரியாத வரிகளில் கேள்விக்குறி போட்டுக்கொண்டு போனேன். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் சலிக்காமல் பதில் சொன்னார். ஒன்றைக் கவனித்தேன்: டாக்டரைவிட ஒருங்கிணைப்பாளரிடம் கேட்பதுதான் எளிது. ஆய்வு முழுக்க நாம் அதிகம் பேசப்போவதும் அவரிடம்தான். அவருடைய நம்பரை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன கேட்க வேண்டும்? நான் சேராவிட்டால் எனக்கு வேறு என்ன சிகிச்சை இருக்கிறது என்பது முதல் கேள்வி. இதற்கு நேரான பதில் வராவிட்டால் மேலே போகவேண்டாம். இப்போது எடுக்கிற மருந்துகளில் எதை நிறுத்தச் சொல்வார்கள் என்பது அடுத்தது. சில ஆய்வுகளில், பழைய மருந்தின் தாக்கம் உடம்பிலிருந்து போவதற்காகச் சில வாரங்கள் எதுவும் எடுக்காமல் இருக்க வேண்டும். மூட்டு நோய்க்காரருக்கு அந்த வாரங்கள் லேசானவை அல்ல. என் ஆய்வில் மெத்தோட்ரெக்ஸேட்டை அப்படியே தொடரச் சொன்னார்கள்; புது மருந்து அதன்மேல் கூடுதல்.

பரிசோதனைச் செலவு, போக்குவரத்துச் செலவு யாருடையது. மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு. என் ரத்த மாதிரியின் மிச்சத்தை வைத்துக்கொண்டு பின்னால் வேறு ஆராய்ச்சி செய்வார்களா. செய்வார்கள் என்றால் அதற்கு மட்டும் மாட்டேன் என்று சொல்லலாமா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் தனிக் கையெழுத்து இருக்கும். அதில் இல்லை என்று எழுதினாலும் ஆய்வில் சேரலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

அப்புறம், எல்லோரும் கேட்கத் தயங்குகிற ஒன்று: மருந்து எனக்கு நன்றாக வேலை செய்தால், ஆய்வு முடிந்த மறுநாள் என்ன ஆகும்? சில ஆய்வுகளில் நீட்டிப்புக் கட்டம் உண்டு. அதில் எல்லோருக்கும் உண்மையான மருந்தே கிடைக்கும், யாருக்கு எது போகிறது என்ற மறைப்பு எதுவும் இருக்காது. சிலவற்றில் கடைசி மாத்திரையோடு கதை முடிந்தது; மருந்துக்கு அனுமதி கிடைத்து விற்பனைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இது படிவத்தில் எங்கோ ஒரு வரியில் இருக்கும். தேடிப் பிடியுங்கள்.

கையெழுத்துப் போட்டதும் மருந்து கைக்கு வராது. அதற்குப் பிறகுதான் ஸ்க்ரீனிங், அதாவது நாம் ஆய்வுக்குத் தகுதியா என்று பார்க்கும் சோதனைகள். ரத்தம், சிறுநீர், இசிஜி, மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான சோதனை. முடக்குவாத மருந்துகள் பல நோய் எதிர்ப்பு சக்தியைத் தணிப்பவை என்பதால், உடம்பில் உறங்கிக்கிடக்கும் காசநோய் கிளம்பிவிடக்கூடாது என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவு கொஞ்சம் கூடியிருந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்னோடு வந்த ஒருவர் அப்படித்தான் வெளியேறினார், ரொம்ப வருத்தப்பட்டார். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. அந்த மருந்து அவருக்கு ஆபத்தாகலாம் என்று முன்பே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களுக்குக் கருத்தடை பற்றிக் கறாரான நிபந்தனைகள் இருக்கும், ஆண்களுக்கும் சில ஆய்வுகளில் உண்டு. 1950-களின் கடைசியில் தாலிடமைட் மாத்திரையைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டு, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளர்ச்சி குன்றிப் பிறந்தன. இந்த விஷயத்தில் யாரும் விளையாட மாட்டார்கள்.

சரி, எல்லோரையும் பயமுறுத்தும் விஷயத்துக்கு வருவோம்: பிளசிபோ. பார்க்க, சுவைக்க மருந்து மாதிரியே இருக்கும் வெற்று மாத்திரை. "எனக்கு அது வந்துவிட்டால்?" என்று வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். என் ஆய்வில் மூன்று பிரிவுகள்: அதிக அளவு, குறைந்த அளவு, பிளசிபோ. யார் எதில் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டது. டாக்டர் சிபாரிசு செய்து மாற்ற முடியாது. நாம் கெஞ்சினாலும் முடியாது, ஏனென்றால் எது யாருக்கு என்று அவருக்கே தெரியாது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று எனக்கும் கேள்வி இருந்தது. முடக்குவாதம் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். பெரும்பாலும் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் ஆய்வில் சேர்கிறோம். அதற்கப்புறம் எதைச் சாப்பிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கூடவே அடிக்கடி கவனிப்பு, அக்கறையாக விசாரிக்கும் ஆட்கள். மூட்டுவாத ஆய்வுகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நாலில் ஒரு பங்கு பேர் மூட்டு வலி, வீக்கம் போன்றவற்றில் 20 சதவீத முன்னேற்றம் காட்டுவது சாதாரணம். ஒப்பிட இன்னொரு குழு இல்லையென்றால் இந்த முன்னேற்றமெல்லாம் மருந்தின் கணக்கில் ஏறிவிடும்.

டாக்டர்கள் தாங்களே ஆளைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு சிக்கல். தேறிவிடுவார் என்று மனசுக்குப் பட்டவருக்குப் புது மருந்து போய்ச் சேரும், தெரியாமலேயே. 1948-ல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வு இதைத் தடுக்க உறையிட்டு மூடிய சீட்டுகளைப் பயன்படுத்தியது. அப்போது அந்த மருந்து கிடைப்பதே அரிது. எல்லோருக்கும் கொடுக்க முடியாத நிலையில், குலுக்கிக் கொடுப்பதுதான் நியாயம் என்ற வாதமும் இருந்தது. காசநோயாளிகள் 107 பேர். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4. படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14. இன்றுவரை குலுக்கல் ஆய்வுக்கு உதாரணமாகச் சொல்லப்படுவது அதுதான்.

ஒன்று தெரிந்துகொண்டால் பிளசிபோ பயம் பாதி குறையும். நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு, அதைப் பறித்துவிட்டு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்ப்பது பொதுவாக ஏற்கப்படாது. வழக்கமான மருந்தோடு புதியது அல்லது பிளசிபோ என்றுதான் அமைப்பார்கள், இல்லையென்றால் பழைய மருந்தையும் புதியதையும் நேருக்கு நேர் மோதவிடுவார்கள். என் ஆய்வில், குறிப்பிட்ட வாரத்துக்குள் வீக்கம் குறையாதவர்களுக்கு மீட்பு சிகிச்சை உண்டு என்று எழுதியே இருந்தது. உங்கள் படிவத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா, எந்த வாரத்தில், யார் தீர்மானிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு விசிட்டிலும் எனக்கு வேடிக்கையாக இருந்தது வீங்கிய, வலிக்கும் மூட்டுகளை எண்ண வருபவர். அவருக்கும் என் டாக்டருக்கும் சம்பந்தமில்லை. மருந்து பற்றியோ பக்கவிளைவு பற்றியோ அவரிடம் பேசக்கூடாது என்று எனக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். பக்கவிளைவைக் கேட்டு நான் எந்தப் பிரிவில் இருக்கிறேன் என்று அவர் ஊகித்துவிட்டால், அழுத்திப் பார்க்கும் விரலிலும் அந்த ஊகம் வந்துவிடுமாம். எனவே வணக்கம் சொல்லிவிட்டு மௌனமாக உட்கார்ந்திருப்பேன், அவர் ஒவ்வொரு மூட்டாக அமுக்கி "வலிக்கிறதா" என்று மட்டும் கேட்பார். அவர் போடும் மதிப்பெண்களில் ஒன்று 28 மூட்டுகளை வைத்து: தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முழங்கால். பாதம் அந்தக் கணக்கிலேயே கிடையாது. எனக்கோ கால் விரல்களில்தான் உயிர் போகும். இதைச் சொன்னபோது ஒருங்கிணைப்பாளர் சிரித்துவிட்டு, "அதை டைரியில் எழுதுங்கள்" என்றார்.

அளப்பது எதை என்று கேட்டுக்கொள்வது முக்கியம் என்று அன்று பட்டது. மாரடைப்புக்குப் பிறகு வரும் தாறுமாறான இதயத்துடிப்பைச் சில மருந்துகள் அழகாக அடக்கின. துடிப்பு அடங்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று நம்பி டாக்டர்கள் எழுதிக்கொடுத்தார்கள். அதைச் சோதித்த காஸ்ட் (CAST) என்ற ஆய்வின் முடிவு 1989-ல் வந்தபோது, அவற்றில் இரண்டு மருந்துகளை எடுத்தவர்கள் பிளசிபோ எடுத்தவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். இசிஜி நன்றாக இருந்தது, ஆள் இல்லை. அதனால் ரத்த அளவு ஒன்று குறைந்தது என்பதையும், நோயாளிக்கு நன்மை நடந்தது என்பதையும் பிரித்துப் பாருங்கள்.

டைரி. இதில்தான் நம்முடைய உண்மையான வேலை. எந்த நேரம் மாத்திரை எடுத்தோம், விட்டுப்போனதா, உடம்புக்கு என்ன செய்தது. சளி, தலைவலி, கால் சுளுக்கு, எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள். "இதற்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்" என்று நாமே வடிகட்டக்கூடாது. ஒருவருக்கு வந்தால் தலைவலி, அதே பிரிவில் நூறு பேருக்கு வந்தால் பக்கவிளைவு. நமக்குத் தெரிவது ஒரு ஆளின் கதை. கணக்குப் போடுகிறவர்களிடம் எல்லோருடைய கதையும் இருக்கிறது. விட்டுப்போன மாத்திரையையும் மறைக்க வேண்டாம். காலி அட்டைகளையும் மிச்சமான மாத்திரைகளையும் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி எண்ணுவார்கள், எனவே மறைத்தும் பயனில்லை. வலி தாங்காமல் நாமாக வேறு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் அதையும் சொல்லிவிட வேண்டும். திட்ட மாட்டார்கள். சொல்லாமல் விட்டால், அந்த நிவாரணம் ஆய்வு மருந்தின் பெயரில் போய்ச் சேரும்.

பணப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள்: ஆய்வின் பெயர், எந்த நேரமும் கூப்பிடக்கூடிய எண். விபத்து, அவசர அறுவை சிகிச்சை என்று எங்காவது போய் விழுந்தால், அங்கே இருக்கும் டாக்டர் அந்த எண்ணைக் கூப்பிட்டு, தேவைப்பட்டால் நமக்குப் போவது எது என்ற மறைப்பை உடைத்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த அட்டையைப் பற்றி வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வு நடுவில் மருந்து சிலருக்கு ஆபத்தாகிறது என்றால் யார் கவனிப்பார்கள்? பெரிய ஆய்வுகளில் இதற்கென்றே ஒரு சுதந்திரமான கண்காணிப்புக் குழு உண்டு. நாங்கள் யாரும் பார்க்க முடியாத பிரிவுவாரிக் கணக்கை அவர்கள் மட்டும் அவ்வப்போது பார்ப்பார்கள். கெடுதல் தெரிந்தால் நிறுத்தச் சொல்லலாம், நன்மை மறுக்க முடியாத அளவு தெரிந்தாலும் நிறுத்தலாம். புதுத் தகவல் வந்தால் நம்மிடம் திருத்திய படிவம் வரும், மறுபடி கையெழுத்து. எனக்கும் ஒருமுறை வந்தது. பழைய படிவத்தோடு ஒப்பிட்டு எந்தப் பத்தி மாறியிருக்கிறது என்று காட்டச் சொன்னேன், காட்டினார்கள்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சைக்கு அதனால் பாதிப்பு வரக்கூடாது. ஆனால் மருந்தை நிறுத்துவதும் ஆய்வை விட்டுப் போவதும் ஒன்றல்ல. மருந்து வேண்டாம், விசிட்டுக்கு மட்டும் வருகிறேன் என்று சொல்லலாம். அப்படி வருவது ஆய்வுக்குப் பெரிய உதவி. மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லோரும் காணாமல் போய்விட்டால், மிஞ்சுவது ஒத்துக்கொண்டவர்களின் கணக்கு மட்டும். மருந்து உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.

ஒரு மருந்து ஆய்வில் தாண்ட வேண்டிய கட்டங்கள் பற்றிச் சுருக்கமாக. முதல் கட்டத்தில் சில பத்து பேர், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள்; எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது. புற்றுநோய் மருந்துகளில் நோயாளிகளே. 2006-ல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதல்முறையாக மனிதர்களுக்குக் கொடுத்தபோது, சில நிமிட இடைவெளியில் ஆறு பேருக்கும் ஏற்றிவிட்டார்கள்; ஆறு பேரும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், பிழைத்துவிட்டார்கள். அதிலிருந்து, முதலில் ஒருவருக்குக் கொடுத்துக் காத்திருந்து பார்ப்பது வழக்கமானது. இரண்டாம் கட்டம் நூற்றுக்கணக்கில், எந்த அளவு சரி, பலன் இருக்கிறதா என்று. மூன்றாவது சில நூறிலிருந்து பல ஆயிரம் பேர் வரை, ஒப்பீடு. இதைத் தாண்டினால் அனுமதி கேட்கலாம்.

"மூன்றாம் கட்டம் தாண்டிவிட்டதே, இனி பயமில்லை" என்று நினைப்பவர்களுக்கு இரண்டு மருந்துகளை நினைவூட்டுவேன். இரண்டும் எங்கள் மூட்டுக்காரர்கள் சாப்பிட்டவை. ரோஃபெகாக்சிப் 1999-ல் சந்தைக்கு வந்து, வயிற்றைக் கெடுக்காத வலி நிவாரணி என்று பெயர் வாங்கியது. குடல் கட்டிகளைத் தடுக்குமா என்று பார்க்க நடந்த வேறொரு பிளசிபோ ஆய்வில், நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் என்று தெரிந்து, 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. முடக்குவாத மாத்திரையான டோஃபாசிடினிப் 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அனுமதிக்குப் பின் நடத்தியாக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்திய ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்ட, இதயநோய் அபாயமுள்ள 4,000-க்கும் அதிகமானோரைப் பல வருடம் கவனித்தார்கள். பழைய வகை ஊசி மருந்துகளைவிட இதில் மாரடைப்பும் புற்றுநோயும் கூடுதல் என்று தெரிந்தது. 2021-ல் எச்சரிக்கை கடுமையாக்கப்பட்டது. மருந்து இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது, யாருக்குக் கொடுக்கலாம் என்பது மாறிவிட்டது. ஆயிரம் பேரை ஒரு வருடம் பார்த்தால், பல ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதும் ஐந்து வருடம் கழித்து வருவதும் கண்ணில் படாது. நான்காம் கட்டம் என்று சொல்வது இந்தத் தேடலைத்தான்.

நான் குறைந்த அளவுப் பிரிவில் இருந்தேன் என்று ஆய்வு முடிந்து வெகுநாள் கழித்துத்தான் கடிதம் வந்தது. கைவிரல்கள் பரவாயில்லை, கால் விரல்கள் பழையபடி. மொத்த முடிவைப் படிக்கும்போது சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். "அபாயம் பாதியாகக் குறைந்தது" என்றால் ஆயிரத்தில் 200 பேர் 100 ஆனதாகவும் இருக்கலாம், 2 பேர் 1 ஆனதாகவும் இருக்கலாம். எத்தனை பேரில் எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று தேடுங்கள். ஆய்வுகள் தொடங்குமுன்பே பொதுப் பதிவேட்டில் பதியப்படுகின்றன, படிவத்தில் அந்தப் பதிவு எண் இருக்கும். அதை வைத்துத் தேடினால், எதை முக்கிய அளவுகோல் என்று ஆரம்பத்தில் அறிவித்தார்கள், முடிவில் எதைப் பெருமையாகச் சொல்கிறார்கள் என்று நீங்களே ஒப்பிடலாம். இரண்டும் வேறாக இருந்தால் உஷாராகுங்கள்.

கையெழுத்திட்ட படிவத்தின் உங்கள் பிரதி, அந்த அவசர அட்டை, பிரிவைச் சொல்லும் கடிதம், இவற்றை ஒரே கோப்பில் போட்டு, அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள். ஆய்வு மருந்துக்குப் பெயர் இருக்காது, எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடுதான். அதையும் எந்தத் தேதியிலிருந்து எதுவரை எடுத்தீர்கள் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கடைசி மாத்திரைக்குச் சில வாரம் கழித்து ஒரு பாதுகாப்பு விசிட் இருக்கும். வலி குறைந்துவிட்டது, இனி எதற்கு என்று அதற்குப் போகாமல் விடுகிறவர்கள் நிறைய. மருந்தை நிறுத்திய பிறகு கல்லீரல், ரத்த அணுக்கள் எப்படி இருக்கின்றன என்று அப்போதுதான் பார்ப்பார்கள். அந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.